‘செட்டில் ஆயிட்டியாப்பா?’

(எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய தோழர்களோடு நடந்த கலந்துரையாடலில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதியது. பேச்சுமொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 ஜெய்பீம்.

வலை பின்னுற கொட்டகையை இன்னிக்கு நமக்காக ஒழிச்சுக் கொடுத்த நெட்டுக்குப்பத்து மீனவத் தோழர்களுக்கு முதல்ல நன்றி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு. நடுவுல நாம.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பின் தாயகத்தில் வாழ்வமைத்தல்’. தலைப்பு பெருசா இருக்கு. நம்ம தெருவுல இதையே ரெண்டு வார்த்தையில கேக்கறாங்க. ஏர்போர்ட்டுல இருந்து வந்து ஒரு மாசம் ஆனதும் டீக்கடையில, குழாயடியில, கல்யாண வீட்டுல கேக்கறாங்க: ‘இன்னாப்பா, செட்டில் ஆயிட்டியா?’ இந்தக் கேள்வியைப் பத்தித்தான் நான் பேசப் போறேன்.

முன்வரிசையில இருக்கற தம்பிங்க போன வருஷம் போயி இந்த வருஷம் திரும்பினவங்க. ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்டுல போனவன் ஒரு வருஷத்துல திரும்புறான்னா அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கும். கம்பெனி மூடியிருக்கும், சொன்ன வேலை வேற, கொடுத்த வேலை வேறயா இருக்கும், இல்லன்னா வீட்டுல சாவு விழுந்திருக்கும். ஏஜென்ட்டுக்குக் கட்டின காசு வட்டிக்கு வாங்கினது. முதல் வருஷச் சம்பளம் அந்தக் கடனுக்கே போயிடும். ரெண்டாவது வருஷச் சம்பளம்தான் நம்ம காசு. ஒரு வருஷத்துல திரும்பினவன் கையில ஒண்ணும் இருக்காது. ஆனா ஊர் அவனை எப்படிப் பாக்குது? கயிறு கட்டி, பேரு எழுதின அட்டைப்பெட்டியை ஆட்டோவுல இருந்து இறக்கும்போதே ‘இன்னாடா, பெட்டி ரொம்ப கனமா கீதே’ன்னு கேக்குது. உள்ள இருக்கறது நிடோ பால் பவுடர், டாங், கோடாலி தைலம், நாலு சோப்பு, ஒரு செண்ட் பாட்டில். அன்னிக்கு ராத்திரியே பிரிச்சுக் கொடுத்து முடிஞ்சிடும். மறுநாள் காலையில மிச்சம் இருக்கறது அவனும் அந்தக் கயிறும்தான்.

அப்போ அந்த ஒரு வருஷத்துல அவன் கொண்டு வந்தது ஒண்ணுமே இல்லையா? இருக்கு. அதை நான் என் அனுபவத்துல இருந்து சொல்றேன்.

பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நானும் போனேன். கப்பல் பழுது பாக்கற யார்டுல வெல்டர் வேலை. அது சொர்க்கம்னு நான் சொல்லல. போன அன்னிக்கே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வச்சிட்டாங்க. ஒரு ரூம்ல பத்துப் பேர், அடுக்குக் கட்டில். நாட்டுக்கு ஒரு சம்பளம். ஒரே வேலையைச் செய்யற பிலிப்பினோவுக்கு ஒரு கூலி, நமக்கு ஒரு கூலி, வங்காளதேசத்துக்காரனுக்கு அதையும் விடக் குறைச்சல். கபீல் வச்சதுதான் சட்டம். ஓடிப்போனா ‘கல்லிவல்லி’ன்னு பேரு வச்சு, புடிச்சா ஜெயிலு. அதுவும் அடிமைத்தனம்தான். அதை மறைச்சுப் பேசினா நான் பொய்யன்.

ஆனா ஒண்ணு. அந்த ஒரு வருஷத்துல ஒருத்தனும் என்னை ‘எந்தத் தெரு’ன்னு கேக்கல. பேரைக் கேட்டான், நாட்டைக் கேட்டான், அக்காமா இருக்கான்னு கேட்டான். அதுக்கு மேல கேக்க அவனுக்கு ஒண்ணுமில்ல. மத்தியானம் பெரிய தாம்பாளத்துல சோறு வரும். பட்டான் ஒருத்தன், மலையாளி ஒருத்தன், எகிப்துக்காரன் ஒருத்தன், நான். நாலு கையும் ஒரே சோத்துல. முதல் நாள் என் கை தயங்கிச்சு. பட்டான் கறியைப் பிச்சு என் பக்கம் தள்ளினான். அந்தத் தயக்கம் போக எனக்கு மூணு மாசம் ஆச்சு. எனக்கே தெரியாம என் முதுகுல ஒரு கூனல் இருந்திருக்கு. அது நிமிர்ந்தப்போதான் கூனல் இருந்ததே தெரிஞ்சது.

அங்கயும் சாதியைக் கொண்டு வந்தது யாருன்னா, நம்ம ஆளுங்கதான். பக்கத்து ரூம்ல நம்ம மாவட்டத்துக்காரங்க சேர்ந்து மெஸ் நடத்தினாங்க. என்னையும் சேத்துக்கிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ஒருத்தன் ஊருக்குப் போன் போட்டு விசாரிச்சிருக்கான். மறுநாள் ‘மெஸ்ல ஆள் ஜாஸ்தி ஆயிடுச்சு, நீ தனியா பாத்துக்கப்பா’ன்னாங்க. கடல் தாண்டியும் அவங்க பெட்டியில சாதி பத்திரமா வந்து சேந்திருக்கு. இது வளைகுடாவோட நிக்கல. அமெரிக்காவுல சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில சாதிப் பாகுபாட்டைத் தடை பண்ணிச் சட்டம் போட வேண்டியிருந்துச்சு. அமெரிக்க நகரங்கள்ல அதுதான் முதல் சட்டம்.

சரி, திரும்பி வந்தேன். கல்யாணத்துக்குப் பாத்துக்கிட்டிருந்தாங்க. காலனியில ஒத்த ரூம் வீடு, அதுல அம்மா, தங்கச்சி, நான். கொஞ்சம் தள்ளி, மெயின் ரோடு பக்கமா வாடகைக்கு வீடு பாத்தேன். வீட்டுக்காரர் நல்லாத்தான் பேசினார். ஃபாரின் ரிட்டர்ன்னு சொன்னதும் காபி கூட வந்துச்சு. அட்வான்ஸ் கொடுத்தேன். ‘இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?’ன்னார். தெருப்பேரைச் சொன்னேன். அவர் முகத்துல ஒண்ணும் மாறல. சாயந்திரம் ஆள் அனுப்பி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டார். ‘சொந்தக்காரங்க வர்றாங்களாம்’. மூணு வீடு பாத்தேன். மூணு வீட்டுக்கும் சொந்தக்காரங்க வந்தாங்க.

இதுல நான் வெக்கப்பட்டுச் சொல்ல வேண்டிய ஒண்ணு இருக்கு. எனக்குக் கோவம் யார் மேல வந்துச்சு? வீட்டுக்காரர் மேல வரல. எங்க தெரு மேல வந்துச்சு. சாக்கடை நாறுது, குழாயடியில சண்டை, குடிச்சிட்டு விழுந்து கெடக்கறாங்க, ‘அங்கல்லாம் எவ்ளோ க்ளீனா இருக்கும் தெரியுமா’ன்னு நாள் முழுக்கப் பேசினேன். தெருப்பேரைக் கேட்டா பஸ் ஸ்டாப் பேரைச் சொன்னேன். ஒரு நாள் அம்மா சொன்னாங்க: ‘ஒரு வருசம் இல்லாதப்போ ஒன்னைப் பத்திக் கேட்டவங்க இந்தத் தெருக்காரங்கதான்டா. வூடு குடுக்காதவன் ஒருத்தன் கேட்டானா?’ அந்த வார்த்தைக்கு இன்னிக்கும் என்கிட்ட பதில் கிடையாது. திரும்பி வர்றவனுக்கு இருக்கற பெரிய ஆபத்து இதுதான். நம்மைத் தள்ளி வச்சவன் கண்ணால நம்ம சனத்தையே பாக்க ஆரம்பிச்சிடுவோம்.

என் கதை சின்னக் கதை. இந்தக் கதையோட மூலக்கதை பரோடாவுல நடந்துச்சு.

1913ல பாபாசாகேப் பரோடா மன்னரோட உதவித்தொகையில நியூயார்க் போறார். கொலம்பியா பல்கலைக்கழகம். 1916ல லண்டன். உதவித்தொகை முடிஞ்சு 1917ல திரும்புறார். முதல் உலகப்போர் நடந்துக்கிட்டிருக்கு. அவரோட புத்தகப் பெட்டிங்க வேற கப்பல்ல வந்துச்சு. அந்தக் கப்பலைக் கடல்ல மூழ்கடிச்சிட்டாங்க. ஒப்பந்தப்படி பரோடா அரசுல வேலைக்குச் சேரணும். அவருக்கு 26 வயசு. இந்தியாவுல அன்னிக்கு அவ்வளவு படிச்சவங்க எத்தனை பேர்? ரயில விட்டு இறங்கினதும் அவர் மனசுல ஒரே கேள்வி: எங்க தங்கறது?

பார்சிக்காரங்க விடுதி ஒண்ணுக்குப் போறார். அங்க பார்சிகளைத் தவிர யாரும் தங்கக்கூடாது. விடுதிக்காரருக்குக் காசு வேணும். நாளைக்கு ஒண்ணரை ரூபாய்க்குப் பேசி, பதிவேட்டுல ஒரு பார்சி பேரை எழுதிக்கிட்டுத் தங்கறார். மாடியில சின்ன அறை. பக்கத்துல உடைஞ்ச நாற்காலி, பலகைன்னு தட்டுமுட்டுச் சாமான் கொட்டிக் கெடக்கற பெரிய கூடம். மின்விளக்கு கிடையாது. ராத்திரிக்கு ஒரு சின்ன அரிக்கேன் விளக்கு, வௌவால் சத்தம். ஆள் துணை கிடையாது. பதினோராம் நாள் காலையில வேலைக்குக் கிளம்பறப்போ பத்துப் பன்னெண்டு பேர் தடியோட மாடி ஏறி வர்றாங்க. யார் நீ, எங்க விடுதியைத் தீட்டாக்கிட்டயேன்னு திட்டறாங்க. சாயந்திரத்துக்குள்ள காலி பண்ணணும். ரெண்டு நண்பர்கள்கிட்ட கேக்கறார். ஒருத்தர் இந்து: நீ வந்தா என் வேலைக்காரங்க போயிடுவாங்கன்றார். இன்னொருத்தர் கிறித்தவர், பிராமணக் குடும்பத்துல இருந்து மதம் மாறினவர்: மனைவி வரட்டும், கேட்டுச் சொல்றேன்றார். கடைசியில கமாத்தி பாக் தோட்டத்துல அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்து, ராத்திரி ரயில் ஏறி பம்பாய் போயிடறார்.

அதைப் பின்னாடி அவரே எழுதி வச்சார். அந்தக் கட்டுரைகளுக்கு அவர் வச்ச பேரு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. பாஸ்போர்ட்டும் விசாவும் கையில வச்சிருந்த தம்பிங்க இந்தப் பேரை நல்லா யோசிச்சுப் பாக்கணும். அமெரிக்காவுக்குள்ள போக அவருக்கு அனுமதி கிடைச்சது. பரோடாவுல ஒரு மாடி அறைக்குக் கிடைக்கல. அவர் அதுல ஒண்ணு சொல்றார்: வெளிநாட்டுல இருந்த வருஷங்கள்ல தான் தீண்டத்தகாதவன்ன்ற நினைப்பே மனசை விட்டுப் போயிடுச்சாம். ஊர் வந்து இறங்கினப்போதான் அது திரும்ப வந்துச்சாம். என் கூனல் கதையை இதோட வச்சுப் பாருங்க. ஒரு மேதைக்கும் ஒரு வெல்டருக்கும் ஒரே அனுபவம்.

இதுவரைக்கும் நிறைய பேருக்குத் தெரியும். இதைச் சொல்லிட்டு நாம ‘பாவம்’னு நிறுத்திக்கிறோம். நான் நிறுத்த விரும்பல. ஏன்னா பாபாசாகேப் இன்னொரு தடவையும் திரும்பி வந்தார்.

பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில வேலை பாத்துச் சேத்த காசு, சாகு மகராஜ் உதவி, நண்பர்கிட்ட வாங்கின கடன், எல்லாத்தையும் வச்சு 1920ல திரும்ப லண்டன் போனார். 1923ல படிப்பு முடிச்சு வந்தார். முதல் தடவை வந்தப்போ அவர்கிட்ட இருந்தது ஒரு பட்டமும் ஒரு வேலையும். அதை நம்பித் தனியா போனார். பதினோரு நாள்ல துரத்திட்டாங்க. ரெண்டாவது தடவை என்ன பண்ணார்? 1924 ஜூலையில பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவை ஆரம்பிச்சார். அந்தச் சபா செஞ்ச வேலையைப் பாருங்க: சோலாப்பூர்ல மாணவர் விடுதி, பம்பாய்ல இலவசப் படிப்பகம், நம்ம பசங்களுக்கு ஒரு ஆக்கி கிளப். தனக்குத் தங்க இடம் கொடுக்காத நாட்டுல, நம்ம பிள்ளைங்க தங்கறதுக்கு இடம் கட்டினார். மூணு வருஷம் கழிச்சு, 1927 மார்ச் 20, மகத் சவுதார் குளத்துல ஆயிரக்கணக்கான பேரோட இறங்கித் தண்ணி குடிச்சார். பரோடாவுல இருந்து மகத்துக்குப் பத்து வருஷம். முதல் திரும்பலுக்கும் ரெண்டாம் திரும்பலுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் படிப்பு இல்ல. முதல் தடவை அவர் ‘செட்டில்’ ஆகப் பாத்தார். ரெண்டாம் தடவை செட்டில் ஆக மறுத்தார்.

நம்ம ஊர்லயே இன்னொரு ஆள் உண்டு, இரட்டைமலை சீனிவாசன். 1893ல ‘பறையன்’னு பேரு வச்சே பத்திரிகை நடத்தினவர். 1900 வாக்குல கப்பல் ஏறினார். தென்னாப்பிரிக்காவுல நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். ஏறக்குறைய இருபது வருஷம் கழிச்சுத் திரும்பினவர், ஓய்வு எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். 1923ல சென்னைச் சட்டமன்றத்துக்குள்ள போனார். 1924ல தீர்மானம் கொண்டு வந்தார்: பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம், அரசு அலுவலகம் எல்லாம் நமக்கும் உண்டுன்னு. அரசாணை வந்துச்சு. இன்னிக்கும் அந்த ஆணை நடைமுறைக்கு வராத தெருவு இருக்கு, அது வேற. ஆனா திரும்பி வந்தவன் செய்ய வேண்டிய வேலை எதுன்னு அவர் காட்டிட்டுப் போயிருக்கார்.

பெரிய ஆளுங்க கதையைச் சொல்லிட்டேன். கூட்டம் கூட்டமா திரும்பினவங்க கதையையும் சொல்லணும். 1860 அக்டோபர்ல இந்தச் சென்னைக் கரையில இருந்து ‘ட்ரூரோ’ன்னு ஒரு கப்பல் 342 பேரோட நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கிளம்புச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ கப்பல். போனவங்கள்ல சேரிச் சனம் நிறைய. ஒப்பந்தம் முடிஞ்சு திரும்பினவங்களைப் பல ஊர்ல சேத்துக்கல. கடல் தாண்டினது தீட்டுன்னு சொல்லி, பரிகாரம், விருந்துன்னு கையில இருந்த காசைக் கரைச்சாங்க. கல்கத்தா துறைமுகத்துப் பக்கம் மெட்டியாபுரூஸ்ல அப்படித் திரும்பினவங்க 1920கள்ல நூத்துக்கணக்குல குடிசை போட்டுக்கிட்டு, திரும்பவும் பிஜிக்கோ கயானாவுக்கோ கப்பல் கிடைக்காதான்னு காத்துக்கிட்டிருந்தாங்க. சொந்த நாட்டுத் துறைமுகத்துல உக்காந்துக்கிட்டு, சொந்த நாட்டை விட்டுப் போகக் காத்துக்கிட்டிருந்த சனம் அது.

1964ல சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு ரெண்டு பிரதமருங்க கையெழுத்துப் போட்டாங்க. மலையகத் தோட்டத்துல தேயிலை பறிச்சவங்க, பெரும்பாலும் நம்ம சனம். அவங்க பொறந்ததே அங்கதான். அரசாங்கம் அவங்களுக்கு வச்ச பேரு ‘தாயகம் திரும்பியோர்’. பாக்காத தாயகத்துக்கு எப்படித் திரும்பறது? கூடலூர் தேயிலைத் தோட்டத்துக்கும் கொடைக்கானல் மலைக் காட்டுக்கும் கூலியா போனாங்க. கொத்தடிமையா மாட்டினவங்களும் உண்டு. அதே 1960கள்ல பர்மாவுல இருந்து வந்தவங்க வியாசர்பாடியிலயும் இந்த எண்ணூர்ப் பக்கமும் குடியேறினாங்க. அவங்க பேரப்பிள்ளைங்க இந்தக் கூட்டத்துலயே இருக்கலாம்.

இப்ப கொடியங்குளம். 1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடிப் பக்கம், முழுக்க தேவேந்திரர்கள் ஊர். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதிச்சு ஓட்டு வீட்டைக் காரை வீடாக்கின ஊர். சுமார் 600 போலீஸ் உள்ள புகுந்துச்சு. குற்றவாளியைத் தேடி வந்தோம்னாங்க. எதை உடைச்சாங்கன்னு பாருங்க. டிவி, மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் மிஷின், சைக்கிள். கிணத்துத் தண்ணியைக் கெடுத்தாங்க. பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் போட்டு எரிச்சாங்கன்னு நேர்ல போய் விசாரிச்ச மனித உரிமைக் குழுக்கள் பதிவு செஞ்சிருக்கு. குற்றவாளியைத் தேடி வந்தவனுக்கு பாஸ்போர்ட் எதுக்கு? வெளிய போய் நிமிர்ந்து வந்துடறீங்களா, இனிமே போகாதீங்கடான்னு சொன்ன தீ அது. நம்ம கஷ்டத்தை விட நம்ம நல்ல வாழ்வுதான் அவங்களுக்கு உறுத்துது. அதனால, தனியா சம்பாதிச்சு, தனியா வீடு கட்டி, தனியா செட்டில் ஆயிடலாம்னு நினைக்கிற தம்பிங்க இந்த ஊரை மறக்கக்கூடாது.

பெண்களைப் பத்தி ஒரு வார்த்தை. வீட்டு வேலைக்குக் குவைத்துக்கும் ஓமனுக்கும் போய் வர்ற நம்ம அக்காங்க கதையை இந்த மாதிரி மேடையில யாரும் பேசறதில்ல. ஆம்பளை திரும்பி வந்தா ‘எவ்ளோ கொண்டாந்தே’ன்னு கேக்கற தெரு, பொம்பளை திரும்பி வந்தா ‘எப்படி இருந்தாளோ’ன்னு கேக்குது. இந்தக் கேள்வியை மேல்சாதிக்காரன் வந்து கேக்கல, நாமதான் கேக்கறோம். அந்த அக்கா அனுப்பின காசுல படிச்ச தம்பியும் சும்மா இருக்கான். நம்ம வீட்டுக்குள்ள இருக்கற இந்தத் தீட்டை நாமதான் கழுவணும். அடுத்த கூட்டத்துல இந்த மைக்கு அவங்க கையில இருக்கணும்.

கடைசியா, திரும்பி வந்து சேர்ற ஊரு எப்படி இருக்குன்னு பாக்கணும். 2023ல கிளம்பிப் போய் 2024ல திரும்பின தம்பி ஒருத்தன் சொன்னான்: ‘ண்ணா, நான் போனப்போ ஆறு ஆறா இருந்துச்சு’. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கம் இருந்து வந்த எண்ணெய், படகு, வலை, அலையாத்தி வேரு எல்லாத்துலயும் ஒட்டுச்சு. நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், தாழங்குப்பம்னு இந்தக் கரைச் சனம் பக்கெட்டும் குவளையும் வச்சுக் கையால அள்ளுச்சு. அதே மாசக் கடைசியில பெரியகுப்பத்துல அமோனியாக் கசிவு, நடுராத்திரியில குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. இங்க மீனவனும் காலனிக்காரனும் ஒரே காத்தைத்தான் மூச்சு இழுக்கறான். ஆனா ஒரே கோரிக்கையில நிக்க இன்னும் பழகல.

வேலை? அங்க இவன் ஆறு ஜி வெல்டர். இங்க கேட்டுல காண்ட்ராக்டர் பாத்துட்டு ‘எந்த ஏரியா?’ன்றான். ஏரியாவைச் சொன்னதும் இவன் ஹெல்பர் ஆயிடறான். பாய்லர் சாம்பல் வாரப் போறான். ஒரு வருஷம் கைக்கு உறை போட்டு வேலை செஞ்ச கை, திரும்ப வெறுங்கையா போகுது. ரெண்டு மாசத்துல பழகிடும். அப்போதான் ஊர் சொல்லும்: ‘பரவாயில்ல, பையன் செட்டில் ஆயிட்டான்’.

தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். ‘செட்டில் ஆயிட்டியா’ன்னா, திரும்பப் பழகிட்டியான்னு அர்த்தம். பழகிக்காதீங்க. அந்த ஒரு வருஷத்துல விட்டுப்போன பழக்கம்தான் நீங்க கொண்டு வந்த ஒரே சொத்து. அதைக் கோடாலி தைலம் மாதிரி முதல் ராத்திரியே காலி பண்ணிடாதீங்க.

ஆனா தனி ஆளா அதைக் காப்பாத்த முடியாது. பாபாசாகேப்பாலயே பதினோரு நாளுக்கு மேல முடியல. அதனால சில சின்ன வேலைங்க. படிப்பகத்துல ஒரு நோட்டு போடுவோம். யார் எந்த நாட்டுக்குப் போனாங்க, எந்த ஏஜென்ட், எவ்ளோ காசு, என்ன வேலை தெரியும், எப்போ திரும்பினாங்க, எல்லாம் எழுதுவோம். சட்டப்படி ஏஜென்ட் கட்டணம் 30,000 ரூபாயும் அதுக்கான ஜிஎஸ்டியும்தான். நம்ம பசங்க லட்சக்கணக்குல கொடுக்கறாங்க, ரசீது கிடையாது. பத்தாவது பாஸ் பண்ணாதவன் பாஸ்போர்ட்டுல இ.சி.ஆர். விழும். நமக்கு இ.சி.ஆர்.னா மகாபலிபுரம் போற ரோடுதான் தெரியும். குடிபெயர்வு அனுமதி வாங்கித்தான் போகணும்னு அதுக்கு அர்த்தம். அப்படிப் போறவங்களுக்கு 10 லட்சம் ரூபா விபத்துக் காப்பீடு இருக்கு. விசிட் விசாவுல அனுப்பிட்டா இது எதுவும் கிடையாது. இதைப் போறதுக்கு முன்னாடியே சொல்ல ஆள் வேணும், அந்த ஆள் திரும்பி வந்தவங்கதான். காண்ட்ராக்டர் கேட்டுக்கு ஒருத்தன் போனா ஹெல்பர். இருபது வெல்டர் சான்றிதழோட சேந்து போனா பேச்சு வேற. வீடு கேட்டு ஒருத்தன் போனா சொந்தக்காரங்க வர்றாங்க. அதை எழுதி வைக்கவாவது நமக்கு ஒரு இடம் வேணும்.

அம்மா சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லன்னு சொன்னேன். நான் இன்னும் அதே தெருவுலதான் இருக்கேன். பஸ் ஸ்டாப் பேரைச் சொல்றதை விட்டுட்டேன். யாராவது கேட்டா தெருப்பேரைத்தான் சொல்றேன்.

நோட்டு இங்க இருக்கு. முன்வரிசைத் தம்பிங்க முதல்ல எழுதுங்க.

ஜெய்பீம்.